கிட் வாங்கிச் செய்த துப்பாக்கி: ஃபெடரல் விதி எதைத் தொடுகிறது, எதைத் தொடவில்லை

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். நீங்கள் டெக்சாஸில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறீர்கள். உடன் வேலை செய்யும் அமெரிக்க நண்பர் 2019-ல் ஒரு கிட் (சேர்த்துச் செய்யப் பாகங்கள் அடங்கிய பெட்டி) வாங்கி, வீட்டிலேயே ஒரு கைத்துப்பாக்கி செய்து வைத்திருக்கிறார். அதில் சீரியல் நம்பர் இல்லை. 'வீட்டில் துப்பாக்கி செய்வதையும் உதிரிபாகம் வாங்குவதையும் ஃபெடரல் அரசு தடை செய்துவிட்டது' என்கிறார் ஒருவர். 'அந்த விதி கோர்ட்டில் எப்போதோ போய்விட்டது' என்கிறார் இன்னொருவர். எது உண்மை, உங்களிடம் இருக்கும் 3டி பிரிண்டரில் நீங்களும் ஒன்று செய்து பார்க்கலாமா என்பது கேள்வி. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே ஒரு கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: ஒரு பிளாஸ்டிக் கட்டியோ அலுமினியத் துண்டோ எந்த இடத்தில் சட்டத்தின் கண்ணுக்குத் துப்பாக்கி ஆகிறது? இந்தப் பத்து வருடச் சண்டை முழுக்க அதைச் சுற்றித்தான் நடந்தது.

நான் வழக்கறிஞர் இல்லை. ஹூஸ்டனுக்கு வெளியே உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையில் பன்னிரண்டு வருடம் பதிவேடு எழுதியவன். கடைக்குள் வரும் ஒவ்வொரு துப்பாக்கியும் என்ன மாடல், என்ன நம்பர், யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று வரி வரியாக எழுதுவதும், வாங்குபவர் நிரப்பும் 4473 படிவத்தைச் சரிபார்ப்பதும், ஃபெடரல் அதிகாரிகள் தணிக்கைக்கு வந்தால் அந்த ஏடுகளை எடுத்து வைப்பதும் என் வேலை. இப்போது அதே வேலையைச் சிறிய கடைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆகவே கடை மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவன் சொல்லும் பதில் இது. உங்கள் குடியேற்ற நிலை பற்றி முடிவெடுக்கும் முன் அந்தத் துறை வழக்கறிஞர் ஒருவரிடம் கட்டாயம் பேசுங்கள்.

முதலில் உங்களைப் பற்றி. நண்பரைப் பற்றி அப்புறம் பேசலாம். எச்-1பி, எஃப்-1, எல்-1, பி-2 போன்ற தற்காலிக விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது ஃபெடரல் சட்டம். கடையில் வாங்கியதா, வீட்டில் செய்ததா, நண்பர் கையில் கொடுத்ததா என்ற வித்தியாசம் அதற்கு இல்லை. விதிவிலக்குகள் சில உண்டு. நம்மைப் போன்றவர்களுக்குப் பொருந்துவது ஒன்றுதான்: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை உரிமம். அது இல்லாமல் வார இறுதியில் நண்பர்களோடு சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதுகூட 'வைத்திருத்தல்' கணக்கில்தான் வரும். நம்மவர்கள் எத்தனையோ பேர் இது தெரியாமல் போய், போட்டோ எடுத்துப் பதிவும் போடுகிறார்கள். 2019-ல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு ஃப்ளோரிடாவில் இப்படி ஒரு பயிற்சிக் கூடத்தில்தான் தொடங்கியது. மாணவர் விசாத் தகுதியை இழந்த ஒருவர் அங்கே போய்ச் சுட்டார். தான் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அது ஒரு பாதுகாப்புதான். ஆனால் இந்தப் பதிலைப் படித்து முடித்த பிறகு உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 2022-லிருந்து இந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. அதற்கு மேல், துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடு கடத்தக் குடியேற்றச் சட்டத்தில் தனியாகவே ஒரு பிரிவு இருக்கிறது; கிரீன் கார்டு உள்ளவருக்கும் அது பொருந்தும். கிரீன் கார்டு கிடைத்த பிறகு துப்பாக்கி வைத்திருக்க இந்த விசாத் தடை இருக்காது. அதுவரை பிரிண்டரில் வேறு எதையாவது செய்யுங்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

இனி 2022-ல் நடைமுறைக்கு வந்த அந்த ஃபெடரல் விதிக்கு வருவோம். 'வீட்டில் துப்பாக்கி செய்வதைத் தடை செய்துவிட்டார்கள்' என்பது தவறு. துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தடை இல்லாத ஒருவர், விற்கும் நோக்கம் இல்லாமல், தன் சொந்த உபயோகத்துக்கு ஒரு சாதாரணத் துப்பாக்கி செய்துகொள்ள ஃபெடரல் சட்டத்தில் என்றைக்கும் உரிமம் தேவைப்பட்டதில்லை, இன்றும் தேவையில்லை. அதில் நம்பர் பொறிக்க வேண்டும் என்ற கட்டாயமும் அவருக்கு இல்லை. 'சாதாரண' என்ற சொல்லைக் கவனியுங்கள். குழல் 16 அங்குலத்துக்குக் குறைவான ரைஃபிள், சத்தம் குறைக்கும் சைலன்ஸர் இவற்றைச் செய்ய முன்னனுமதி வேண்டும். விசையை ஒருமுறை அழுத்தினால் தொடர்ந்து சுடும் இயந்திரத் துப்பாக்கியைத் தனிநபர் புதிதாகச் செய்ய 1986-லிருந்து வழியே இல்லை. கைத்துப்பாக்கியைத் தொடர்ந்து சுட வைக்கும் 'ஸ்விட்ச்' என்ற விரல்நுனி அளவுத் துண்டு இருக்கிறதே, அந்தத் துண்டு மட்டுமே சட்டப்படி ஓர் இயந்திரத் துப்பாக்கி. அதைப் பிரிண்டரில் விளையாட்டாக அச்சடித்துப் பார்த்து ஃபெடரல் சிறைக்குப் போன இளைஞர்கள் உண்டு. உலோகம் கண்டுபிடிக்கும் கருவியில் சிக்காத துப்பாக்கியையும் 1988-லிருந்து யாரும் செய்யக் கூடாது.

அப்படியானால் புதிய விதி எதைத்தான் தொடுகிறது? அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1938-ன் பழைய ஃபெடரல் சட்டம், துப்பாக்கியின் எந்தப் பாகமானாலும் அதுவும் துப்பாக்கியே என்று சொன்னது. கேட்க எளிது, நடைமுறைக்கு உதவாது. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் ஆணிக்கும் யார் பதிவேடு எழுதுவது? 1963-ல் கென்னடியைக் கொன்ற ரைஃபிள் சிகாகோக் கடை ஒன்றிலிருந்து தபாலில் வாங்கியது. 1968-ல் ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஜூனில் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், எல்லாப் பாகங்களையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டது. மற்ற எல்லாம் வந்து பொருந்துகிற உடம்புப் பாகம் அது. கைத்துப்பாக்கியில் ஃப்ரேம் என்பார்கள், ரைஃபிளில் ரிசீவர் என்பார்கள். நம்பர் அதில்தான் இருக்க வேண்டும். குழலையும் விசையையும் கட்டையையும் யாரும் எந்தச் சோதனையும் இல்லாமல் தபாலில் வாங்கலாம். அது இன்றைக்கும் அப்படித்தான். ஃப்ரேமோ ரிசீவரோ மட்டும் தனியாக வந்தாலும் அதுதான் துப்பாக்கி, அதற்கு உரிமக் கடை, படிவம், பின்னணிச் சோதனை (வாங்குபவருக்குச் சட்டத் தடை உண்டா என்று அரசுப் பதிவில் பார்ப்பது) எல்லாம் உண்டு. இன்னொன்றும் அந்தச் சட்டத்தில் இருந்தது. சுடக்கூடிய ஆயுதம் மட்டுமல்லாமல், சுடுவதற்கென வடிவமைத்ததும், எளிதில் சுடும்படி மாற்றக்கூடியதும்கூடத் துப்பாக்கிதான் என்றது. ஓட்டப்பந்தயம் தொடங்கச் சுடும் ஸ்டார்ட்டர் துப்பாக்கியை அதற்கு உதாரணமாகப் பெயர் சொல்லியே வைத்தார்கள். இந்தச் சின்ன உதாரணம் ஐம்பத்தாறு வருடம் கழித்து ஒரு பெரிய வழக்கைத் தீர்மானிக்க உதவும் என்று அன்றைக்கு யார் நினைத்திருப்பார்கள்!

சரி, ஒரு ஃப்ரேம் எப்போது ஃப்ரேம் ஆகிறது? வார்ப்பிலிருந்து வந்த கட்டியில் சில துளைகள் போடாமல், ஓர் இடத்தைக் குடையாமல் விட்டால் அது இன்னும் ஃப்ரேம் ஆகவில்லை என்று ஏ.டி.எஃப். துறையே (மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் இவற்றைக் கவனிக்கும் ஃபெடரல் துறை) பல வருடம் கடிதம் கொடுத்து வந்தது. 'எண்பது சதவீத லோயர்' (லோயர் என்றால் ரைஃபிளின் கீழ்ப் பாதி) என்ற பெயர் அப்படி வந்ததுதான். அது வியாபாரிகள் வைத்த பெயர். சட்டத்தில் எண்பதும் கிடையாது, சதவீதமும் கிடையாது. ஒருவர் மில்லிங் மெஷின் வைத்துக்கொண்டு பல மணி நேரம் உழைத்துச் செய்த காலம் வரை இது யாரையும் உறுத்தவில்லை. அப்புறம்தான் கிட்டுகள் வந்தன. முடியாத பிளாஸ்டிக் ஃப்ரேம், துளை எங்கே போட வேண்டும் என்று காட்டும் அச்சு, அதற்கான டிரில் பிட், குழல், விசை, ஸ்பிரிங்குகள் எல்லாம் ஒரே பெட்டியில். 'வாங்கு, கட்டு, சுடு' என்ற பெயரிலேயே ஒரு கிட் விற்றது. நம் வீட்டு உதாரணம் சொன்னால், அரிசியும் உளுந்தும் வாங்கி வைத்திருப்பவர் வீட்டில் இட்லி இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் கடையில் மாவு, இட்லித் தட்டு, துணி மூன்றையும் ஒரே பையில் போட்டு 'இட்லி' என்று எழுதி விற்றால் அவர் விற்பது என்ன? கிட் விற்றவர்கள் இது தானியம்தான் என்று சொன்னார்கள். அதனால் வயது கேட்கவில்லை, பெயர் எழுதவில்லை, பின்னணிச் சோதனை இல்லை, நம்பரும் இல்லை.

நம்பர் எதற்கு என்பதை நான் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டவன், அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்களின் தேசியப் பட்டியல் எதுவும் கிடையாது. வைக்கக் கூடாது என்று 1986-ன் சட்டம் தடுக்கிறது. குற்றம் நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால், மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் இருக்கும் தேசியத் தடமறிதல் மையத்துக்கு அந்த நம்பர் போகும். அவர்கள் தயாரித்த கம்பெனியைக் கேட்பார்கள். கம்பெனி மொத்த வியாபாரியைச் சொல்லும், மொத்த வியாபாரி சில்லறைக் கடையைச் சொல்வார், கடைசியில் எங்களுக்குப் போன் வரும். 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். நான் ஏட்டைத் திறந்து விரலை ஓட்டி, அந்த வரியைப் பிடித்து, படிவத்தை எடுத்துப் பெயர் சொல்வேன். சில நாள் அது ஐந்து நிமிட வேலை. முதலில் வாங்கியவர் வரைக்கும்தான் இந்தச் சங்கிலி போகும், அதற்குப் பிறகு கைமாறியது தெரியாது. ஆனால் விசாரணைக்கு அது ஒரு நுனி. பிடித்துக்கொண்டு போக ஒரு நூல்.

எங்கள் கடையிலும் கிட் விற்றோம். தோல் உறை, துடைக்கும் எண்ணெய் இவற்றோடு ஒரே அலமாரியில் இருக்கும். ரொக்கம் கொடுத்தால் ரசீதில் பெயர்கூட இருக்காது. ஒருநாள் மதியம் ஒரு துப்பறியும் அதிகாரி போட்டோ ஒன்றோடு நேரிலேயே வந்தார். மேசைமேல் வைத்துக் காட்டினார். நாங்கள் விற்ற கிட்டைப் போலவே இருந்தது, நம்பர் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. இறந்தது ஒரு சிறுவன் என்று மட்டும் சொன்னார். யார் யார் வாங்கினார்கள் என்று ஏதாவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். சட்டப்படி நாங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் பன்னிரண்டு வருடத்தில் ஏட்டைத் திறக்க வழியில்லாமல் நான் நின்றது அந்த ஒரு தடவைதான். அவர் போட்டோவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் பையன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த விதி வேண்டும் என்ற பக்கம் நான் நிற்பதற்கு அந்த மதியம்தான் காரணம். இதைத் தெரிந்துகொண்டே மீதியைப் படியுங்கள்.

விதியின் கதை 2021-ல் தொடங்குகிறது. இப்படி ஒரு விதி வரும் என்று அந்த ஆண்டு ஏப்ரலில் ஜனாதிபதி பைடன் அறிவித்தார். மே 21 அன்று முன்மொழிவு அரசிதழில் வந்தது, பொதுமக்கள் கருத்துச் சொல்ல 90 நாள் கொடுத்தார்கள், 2,90,000-க்கும் மேல் கருத்துகள் குவிந்தன. ஆதரவும் எதிர்ப்பும் சேர்த்துத்தான். இறுதி விதி 2022 ஏப்ரல் 26-ல் வெளியாகி ஆகஸ்ட் 24-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் முக்கியமானவை மூன்று என்று நான் சொல்வேன். முதலாவது, எளிதில் துப்பாக்கியாக்கக்கூடிய கிட் என்பதும், எளிதில் முடிக்கக்கூடிய ஃப்ரேம் அல்லது ரிசீவர் என்பதும் துப்பாக்கியே. ஆகவே அவற்றை வியாபாரமாக விற்பவர் உரிமம் வாங்கி, நம்பர் போட்டு, பின்னணிச் சோதனை நடத்தித்தான் விற்க வேண்டும். 'எளிதில்' என்றால் என்ன என்பதற்கு எடுக்கும் நேரம், வேண்டிய திறமை, கருவி, செலவு என்று எட்டு அளவுகோல் கொடுத்தார்கள். அச்சோ செய்முறைக் குறிப்போ கூடவே விற்கப்படுகிறதா என்பதையும் பார்ப்பார்கள்.

இரண்டாவது, நம்பர் இல்லாத வீட்டுத் துப்பாக்கி உரிமக் கடையின் இருப்புக்குள் வந்தால், ஏழு நாளுக்குள், அல்லது அதற்கு முன்பே வெளியே போவதாக இருந்தால் போகும் முன், கடைக்காரர் அதில் நம்பர் பொறிக்க வேண்டும். குறைந்தது 0.003 அங்குல ஆழம், எழுத்து ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையாத உயரம். பழுது பார்க்கக் கொண்டுவந்து அன்றைக்கே திருப்பி வாங்கிக்கொண்டு போனால் இது வேண்டியதில்லை. மூன்றாவது வெளியே யாரும் அதிகம் பேசாதது, எனக்கு மட்டும் பெரிய விஷயம்: முன்பு இருபது வருடம் கடந்த படிவங்களை நாங்கள் அழித்துவிடலாம், இப்போது கடை மூடும் வரை வைத்திருக்க வேண்டும்.

பழைய வரையறையில் இருந்த ஒரு ஓட்டையையும் இந்த விதி அடைத்தது. ரிசீவர் என்றால் சுத்தியல், போல்ட், சுடும் பொறி மூன்றும் அடங்கும் பாகம் என்று பழைய விதி சொன்னது. அமெரிக்காவில் அதிகம் பேர் வைத்திருக்கும் ஏஆர்-15 ரைஃபிளில் போல்ட் மேல் பாதியில் இருக்கிறது, சுத்தியல் கீழ்ப் பாதியில் இருக்கிறது. அப்படியானால் இரண்டு பாதியுமே ரிசீவர் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாட, அதை ஏற்ற நீதிபதிகளும் உண்டு. இப்போது ஏஆர்-15-க்குக் கீழ்ப் பாதிதான் என்று பெயர் சொல்லியே எழுதிவிட்டார்கள்.

உங்கள் இன்னொரு நண்பர் சொன்ன 'கோர்ட்டில் போய்விட்டது' பாதி உண்மை, பழைய உண்மை. 2023 ஜூன் கடைசியில் டெக்சாஸின் ஃபெடரல் மாவட்ட நீதிபதி ஒருவர் விதியை ரத்து செய்தார். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அந்த ரத்தை நிறுத்தி வைத்தது. நவம்பரில் நியூ ஆர்லியன்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றமும் விதிக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. 2024 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தபோது, முட்டை, நறுக்கிய இறைச்சி, குடைமிளகாய், வெங்காயம் எல்லாம் சமையல் மேடையில் வைத்திருந்தால் அது ஆம்லெட்டா என்று நீதிபதி அலிட்டோ கேட்டார். ஒரு சமையலுக்கு வேண்டிய எல்லாவற்றையும் கிட்டாக ஒரே பெட்டியில் வாங்கினால் என்ன சொல்வீர்கள் என்று நீதிபதி பாரெட் திருப்பிக் கேட்டார். நான் இட்லி சொன்னது அதனால்தான். 2025 மார்ச் 26 அன்று 7-2 என்று தீர்ப்பு வந்தது, விதி நின்றது. எழுதியவர் நீதிபதி கோர்சச். துப்பாக்கி உரிமைக்கு எதிரானவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. சுடும்படி மாற்றும் முன்பே ஸ்டார்ட்டர் துப்பாக்கியை ஆயுதம் என்று சட்டமே ஒப்புக்கொள்ளும்போது, அதை மாற்றும் அளவே எளிதாக முடிக்கக்கூடிய கிட் எப்படி ஆயுதம் ஆகாமல் போகும் என்பது அவருடைய வாதத்தின் நடுத்தண்டு. அந்தக் கிட்டை அதற்கு முன் பார்த்தே இராத ஒருவர், சாதாரணக் கருவிகளோடு யூடியூப் பார்த்து 21 நிமிடத்தில் முடித்ததையும் தீர்ப்பில் எடுத்துக் காட்டினார். தாமஸும் அலிட்டோவும் மறுத்தார்கள். 1968-ன் சட்டம் 'பாகங்கள்' என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டது, அதைத் துறை பின்வாசல் வழியாகத் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்பது தாமஸின் எண்ணம். அது லேசான வாதம் இல்லை. துறை தன் பழைய நிலையை மாற்றிக்கொண்டது உண்மை. நேற்றுவரை கடிதம் கொடுத்துச் சரி என்ற ஒன்றை இன்று குற்றம் என்றால் யாருக்கும் கோபம் வரும்.

இதுவரை சொன்னது உறுதியானது. இனிச் சொல்வது உறுதியில்லாத பகுதி. வழக்குப் போட்டவர்கள் 'எந்தக் கிட்டுக்கும் இந்த விதி செல்லாது' என்று கேட்டார்கள். நீதிமன்றம் 'சில கிட்டுகளுக்காவது செல்லும்' என்றது. எல்லாக் கிட்டும் துப்பாக்கி என்று சொல்லவில்லை. எந்த நிலையிலிருக்கும் கட்டி எல்லைக்கு உள்ளே, எது வெளியே என்பது இன்னும் ஒவ்வொன்றாகத் தீர வேண்டியதுதான். ஏஆர்-15-க்குக் குடையாத, குறியிடாத வெறும் கட்டி, அச்சும் குறிப்பும் இல்லாமல் தனியாக விற்றால் அது ரிசீவர் இல்லை என்று விதியே சொல்கிறது. பிளாஸ்டிக் கைத்துப்பாக்கி ஃப்ரேம்களில் சில, அச்சு இல்லாமல் விற்றாலும் ஃப்ரேம்தான் என்று 2022 டிசம்பரில் துறை கடிதம் எழுதியது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நிழலில் யாராவது உறுதியாகப் பேசினால் நம்பாதீர்கள். அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் பற்றிய கேள்வியையும் இந்தத் தீர்ப்பு தொடவே இல்லை. சட்டத்தின் சொற்களுக்குப் பொருள் சொன்னதோடு நிறுத்திக்கொண்டது. அதோடு 2025 பிப்ரவரியில் டிரம்ப், முந்தைய ஆட்சியின் துப்பாக்கி விதிகளை மறுபடி பார்க்கச் சொல்லி ஆணை போட்டார். ஒரு துறை எழுதிய விதியை அதே துறை முறைப்படி மாற்றி எழுதலாம். ஆகவே எதையாவது வாங்கும் நாளில், அன்றைக்கு என்ன நிலை என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எண்களிலும் நேர்மையாக இருக்க வேண்டும். 2017-ல் தடமறியக் கேட்டு வந்த நம்பரில்லாத துப்பாக்கிகள் சுமார் 1,600, 2021-ல் 19,000-க்கும் மேல் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. நாலே வருடத்தில் இந்த ஏற்றம் பயமுறுத்துவதுதான். ஆனால் இவை 'வீட்டில் செய்ததாகச் சந்தேகிக்கப்படுபவை'. நிலையத்தில் பதிவு செய்தவர் தவறாக எழுதியதும் இதில் இருக்கலாம், காவல்துறை இவற்றைத் தேடி எழுதப் பழகியதும் எண்ணை ஏற்றியிருக்கலாம். அதே மார்ட்டின்ஸ்பர்க் மையத்துக்கு வருடத்துக்கு நாலு லட்சத்துக்கும் மேல் தடமறியும் கோரிக்கைகள் வருகின்றன. அதோடு ஒப்பிட்டால் இது இன்னும் சின்னப் பங்குதான். குற்றத்தில் பிடிபடும் பெரும்பாலான துப்பாக்கிகள் நம்பர் உள்ளவை. திருடியது, கைமாறியது, வேறொருவர் பெயரில் வாங்கியது. இந்த விதி அவற்றைத் தொடாது. 3டி பிரிண்டரில் முழுதாகவே செய்பவரையும் கிட் விதி தடுக்காது. அவர் கடைக்கே வருவதில்லை. 2022 ஜூலையில் ஜப்பானின் நாரா நகரில் முன்னாள் பிரதமர் அபேயைக் கொன்றது குழாய்களைச் சேர்த்து வீட்டில் செய்த ஆயுதம். அவ்வளவு கடுமையான சட்டம் உள்ள நாட்டிலும் துணிந்துவிட்ட ஒருவன் அதைச் செய்தான். ஆனால் 2019 நவம்பரில் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரிட்டா உயர்நிலைப் பள்ளியில் 16 வயது மாணவன் கையில் இருந்தது கிட்டிலிருந்து சேர்த்த துப்பாக்கி. இரண்டு பிள்ளைகள் செத்தார்கள். கடையில் பின்னணிச் சோதனையில் நிறுத்தப்பட வேண்டிய ஒருவருக்கு 21 நிமிடத்தில் துப்பாக்கி கிடைக்கும் வழியை அடைப்பதுதான் இந்த விதியின் வேலை. அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவில்லை.

பொழுதுபோக்காகச் செய்பவர்களைக் குற்றவாளி போலப் பேசுவதும் எனக்குப் பிடிக்காது. எங்கள் கடைக்கு வந்த ஓய்வுபெற்ற மெஷினிஸ்ட் ஒருவர் மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு ரைஃபிள் செய்தார். அந்த வேலைப்பாட்டைப் பார்த்தால் கை தானாகக் கும்பிடும். விதி வந்த பிறகும் அவர் அதே வேலையைச் செய்யலாம், வெறும் கட்டியிலிருந்து செய்யலாம், நம்பர் போட்ட ஃப்ரேமைக் கடையில் வாங்கியும் செய்யலாம்.

இவ்வளவும் ஃபெடரல் கணக்கு. மாநிலச் சட்டம் தனி. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க், இல்லினாய், மேரிலாந்து, கொலராடோ போன்ற மாநிலங்களில் நம்பர் இல்லாத துப்பாக்கியையோ முடியாத ஃப்ரேமையோ வைத்திருப்பதே குற்றமாகலாம். டெக்சாஸில் அப்படி ஒரு மாநிலச் சட்டம் இல்லை. உங்கள் நண்பர் வேலை மாறி நியூ ஜெர்சிக்குப் போனால் பெட்டியில் அதைப் போட்டு எடுத்துப்போக முடியாது.

இப்போது அவருடைய துப்பாக்கி. 2019-ல் செய்தது, சொந்த உபயோகத்துக்கு, அவருக்குத் தடை எதுவும் இல்லை என்றால், டெக்சாஸில் அவர் அதை வைத்திருப்பதில் ஃபெடரல் விதி குறுக்கே வரவில்லை. நம்பர் போட வேண்டியதில்லை, யாரிடமும் போய்ப் பதிய வேண்டியதில்லை. நம்பர் இல்லாதது வேறு, இருந்த நம்பரை அழிப்பது வேறு என்பதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். 1968-க்கு முன் செய்த எத்தனையோ சிறு ரைஃபிள்களில் நம்பரே கிடையாது, அவை சட்டபூர்வம். இருந்த நம்பரைச் சுரண்டினால் அது ஃபெடரல் குற்றம். அவர் அதை விற்க நினைத்தால் உரிமக் கடை வழியாக விற்கச் சொல்லுங்கள். கடைக்காரர் தன் உரிம எண்ணின் சுருக்கத்தை முன்னால் வைத்து ஒரு நம்பர் பொறிப்பார், வாங்குபவருக்குச் சோதனை நடக்கும், ஏட்டில் ஒரு வரி ஏறும். தனிப்பட்ட முறையில் எப்போதாவது ஒன்றை விற்க டெக்சாஸில் வழி இருந்தாலும், செய்து செய்து விற்றால் அது உரிமம் இல்லாத தயாரிப்பு.

அவர் ஊருக்குப் போகும்போது 'இதை ஒரு வாரம் உன் வீட்டில் வைத்துக்கொள்' என்று நட்பாகக் கேட்டால், தயங்காமல் முடியாது என்று சொல்லுங்கள். உங்கள் அலமாரியில் இருந்தால் அது உங்களிடம் இருப்பதாகத்தான் கணக்கு, தோட்டாவுக்கும் இதே கணக்கு. நீங்கள் ஊருக்குக் கிளம்பும் முன் பையின் எல்லா அறையையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பயிற்சிக் கூடத்தில் நினைவுக்காக எடுத்து வைத்த ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால், 1959-ன் ஆயுதச் சட்டப்படி வழக்கு. பிரிண்டர் கோப்புகளும் அப்படித்தான். இந்தியாவில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பது குற்றம், அமெரிக்காவிலிருந்து அந்தக் கோப்பை வெளிநாட்டில் உள்ளவருக்கு அனுப்புவதும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வரும். ஊரில் இருக்கும் தம்பி ஆசையாகக் கேட்டாலும் அனுப்பாதீர்கள்.